ஓய்ந்த ஓரமும் ஓயாத நிலமும்: வடசென்னைக் கரையின் உருவாக்கத்தில் புவித்தட்டுகளின் பங்கு

1. கேள்வி

மணலிக்கும் மாதவரத்துக்கும் இடைப்பட்ட மாத்தூரைப் பார்ப்பவருக்குப் புவித்தட்டுகள் நினைவுக்கு வர வாய்ப்பில்லை. கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் கிடக்கும் சமவெளி அது. ஓர் ஏரியும், புழலின் உபரிநீர் ஓடும் கால்வாயும், அப்பால் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும்தான் அங்கே கண்ணில் படும். கண்டங்கள் மோதுவதையும் பிரிவதையும் விளக்கும் பாடநூல்கள் இமயத்தையும் ஆண்டீசையும் ஜப்பானையும் காட்டுகின்றன. தட்டுகளின் விளிம்பில் மலையும் எரிமலையும் நிலநடுக்கமும் உண்டாகும், விளிம்பிலிருந்து விலகிய சமவெளிகளை ஆறும் கடலும் காற்றும் உருவாக்கும் என்பதே அவற்றிலிருந்து வாசகர் பெறும் பொதுப்புரிதல். அந்தப் புரிதலின்படி ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரைக்கும் அதன் பின்னிலமான மணலி, மாத்தூர், மீஞ்சூர்ப் பகுதிக்கும் தட்டு நகர்வோடு சொல்லத்தக்க உறவு எதுவும் இல்லை.

இப்புரிதல் எவ்வளவு தூரம் சரி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வடசென்னை நிலத்தின் மேற்பரப்பை வரைந்தவை பெரும்பாலும் நீரோட்டங்களே என்பதை இக்கட்டுரை ஏற்கிறது. ஆனால் அந்த நீர் எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு ஆழத்துக்கு வண்டல் தேங்க இடமுண்டு, எந்தப் பாறை உடைந்து எந்த மணலாக வர வேண்டும் என்ற மூன்றையும் முன்கூட்டியே வகுத்தது ஒரு கண்டப் பிளவு. அப்பிளவு ஓய்ந்துவிட்டது. அது விட்டுச்சென்ற அமைப்பு இன்னும் செயல்படுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தவறுவதால் நிலவியலில் மட்டுமன்றி, இக்கரையில் எதை எங்கே கட்டலாம் என்ற முடிவுகளிலும் பிழை நேர்கிறது என்பதே கட்டுரையின் வாதம்.

2. 'உறுதியான நிலம்' என்ற கருத்தின் வரலாறு

தென்னிந்தியா வேறு கண்டங்களோடு ஒட்டியிருந்தது என்ற எண்ணம் தட்டுக் கோட்பாட்டுக்கு மூத்தது. மத்திய இந்தியாவின் பாறை வரிசை ஒன்றுக்கு நிலவியலாளர் மெட்லிகாட் 1872இல் இட்ட கோண்டுவானா என்ற பெயரை, இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் உள்ளடக்கிய ஒரு பெருநிலத்துக்கு 1885இல் எடுவர்ட் சூயஸ் வழங்கினார். கண்டங்கள் இடம்பெயர்ந்தன என்று ஆல்பிரட் வெகனர் 1912இல் வாதிட்டபோது, அவற்றை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு விடையில்லாததால் பலர் அதை ஏற்கவில்லை. கடல்தரையின் காந்தப் பட்டைகளைக் கொண்டு 1963இல் வைனும் மேத்யூசும் முன்வைத்த விளக்கம் நிலையை மாற்றியது. 1971இல் மெக்கன்சியும் ஸ்கிளேட்டரும் இந்தியப் பெருங்கடலின் வளர்ச்சியை அதே முறையில் படிப்படியாக வரைந்து காட்டிய பிறகு, இந்தியாவின் கிழக்குக்கரை ஒரு பெருநிலம் கிழிந்த விளிம்பு என்பது பொதுவாக ஏற்கப்பட்டது.

விளிம்பு என்று ஏற்ற பின்னும், தீபகற்பம் அசைவற்ற பழம்பாறைக் கேடயம் என்ற கருத்து நெடுங்காலம் நீடித்தது. 1967இல் கொய்னாவிலும் 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியிலும் நேர்ந்த நிலநடுக்கங்கள் அதை உலுக்கின. தட்டு எல்லையிலிருந்து மிகத் தொலைவிலுள்ள கில்லாரியில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். ஆகவே கிழக்குக்கரையை ஓய்ந்த ஓரம் என்று வகைப்படுத்தும்போது அச்சொல்லின் பொருளை அளந்து கொள்ள வேண்டும். இங்கே இரு தட்டுகள் இப்போது உரசவில்லை, ஒன்றின்கீழ் ஒன்று அமிழவில்லை என்பதே அதன் பொருள். அழுத்தம் இல்லை, மாற்றம் இல்லை, ஆபத்து இல்லை என்று அதை விரித்துப் படிக்கச் சான்று இடங்கொடுக்கவில்லை.

3. பாறைகள் தரும் சான்று

மாத்தூரிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் பரங்கிமலையும் பல்லாவரமும் வருகின்றன. அங்கே வெளித்தெரியும் கருநீலச் சாயலுள்ள பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கொல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருந்த கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதே காரணம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஓட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை அது. பல்லாவரத்தில் குன்றாக நிற்கும் அந்த அடித்தளம் வடக்கே செல்லச் செல்லக் கீழிறங்கிப் படிவுகளுக்கடியில் மறைகிறது. வடசென்னையில் தோண்டினால் முதலில் கிடைப்பவை மணலும் களியும்தான். ஒரே நகரத்தின் தென்மேற்கில் பாறையும் வடக்கில் தடித்த வண்டலுமாக இருக்கும் இந்த வேறுபாட்டிலிருந்தே விசாரணையைத் தொடங்க வேண்டும்.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியது. மீளமைப்பு வரைபடங்கள் இந்தியக் கிழக்குக்கரைக்கு எதிரே அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்தை வைக்கின்றன. நிலம் இழுபட்டு மெலிந்தபோது பெருவெடிப்புகளின் வழியே சில துண்டுகள் கீழிறங்கின, சில மேலே நின்றுவிட்டன. தென்மேற்கு–வடகிழக்காக ஓடும் இந்த மேடுபள்ள வரிசைகளில்தான் காவிரி, பாலாறு, கிருஷ்ணா–கோதாவரி, மகாநதிப் படுகைகள் பிறந்தன. பாலாற்றுப் படுகையின் நிலப்பகுதியில் திருப்பெரும்புதூர், ஆவடி, சத்தியவேடு என்ற ஊர்ப்பெயர்களைத் தாங்கிய மூன்று படிவத் தொகுதிகள் அதற்குச் சாட்சி. திருப்பெரும்புதூர்ப் படிவங்களில் நிலத்துத் தாவரங்களின் தொல்லெச்சங்களோடு கடலுயிரிகளான அம்மனைட்டுகளும் கிடைத்திருக்கின்றன. காடு சூழ்ந்த பள்ளத்துக்குள் கடல் நுழைந்துகொண்டிருந்த காலம் அது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. சத்தியவேட்டுத் திரள்பாறைகளில் பழைய குவார்ட்சைட் மலைகளிலிருந்து உடைந்து உருண்டு வந்த கற்கள் பதிந்துள்ளன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சரிவு கடுமையாக இருந்தால்தான் அவ்வளவு பெரிய கற்கள் உருண்டு வந்து சேரும்.

பிரிவு எவ்விதம் நேர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிழக்குக்கரை முழுவதும் நேரே இழுபட்டுத் திறந்தது என்பது எளிய படம். ஈர்ப்புவிசை அளவீடுகளையும் கடலாழ அளவீடுகளையும் ஆராய்ந்த சாந்த், ராதாகிருஷ்ணா, சுப்ரமணியம் ஆகியோர் 2001இல் வேறொரு படம் தந்தனர். அதன்படி வடபகுதி இழுபட்டுத் திறந்தது, காவிரிப் பக்கத்துத் தென்பகுதி பக்கவாட்டில் உரசி நழுவியது. சோழமண்டலக் கரை இவ்வளவு நேராக ஓடுவதற்கும் தெற்கே கண்டச்சரிவு செங்குத்தாக விழுவதற்கும் இது பொருத்தமான விளக்கம் தருகிறது. இவ்விரு விளக்கங்களில் எதை ஏற்றாலும் நமது கேள்விக்கான விடை மாறுவதில்லை. கரை இந்த இடத்தில், இந்தத் திசையில் அமைந்ததற்குக் கிழிந்த கோடே முதற்காரணம்.

அப்பிளவு பொருளியலிலும் தொடர்கிறது. காவிரிப் படுகையில் சில கிலோமீட்டர் தடிப்புக்குச் சேர்ந்த படிவுகள் எண்ணெயும் எரிவாயுவும் தந்தன. மணலி ஆலையை நடத்தும் அதே நிறுவனம் நாகப்பட்டினம் அருகே 1993இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலைக்கு அந்தப் படுகையின் எண்ணெயே மூலப்பொருளாக அமைந்தது. படுகை எவ்வளவு ஆழம் இறங்கியது, எவ்வளவு காலம் மூடுண்டு கிடந்தது என்பன போன்ற நிலைமைகள், கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஒரு கரையின் தொழிலையும் தீர்மானிக்கின்றன.

4. முதல் மறுப்பு: இது ஆற்றின் வேலை

மேற்சொன்னவை யாவும் ஆழத்தில் புதைந்தவை, இன்று நாம் காணும் மேடும் கழியும் மணல்திட்டும் மிக இளையவை, அவற்றை விளக்கத் தட்டுகள் தேவையில்லை என்று ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது வங்கக் கரை இன்றைய கண்டத்திட்டின் விளிம்பை நெருங்கி இருந்தது. ஆறுகள் அவ்வெளியில் ஆழமாக வெட்டிச் சென்றன. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்த வெட்டுகள் மூழ்கி வண்டலால் நிரம்பின. ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை எட்டி, சில இடங்களில் சற்றே மேலும் ஏறியது. பின்னர் அலையும் நீரோட்டமும் மணலைக் கரைக்கு இணையான திட்டுகளாகக் குவித்தன. பழவேற்காடு ஏரியும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய கழிகளும் இந்த வரிசையில் பிறந்தவை. தட்டு நகர்வின் கணக்கில் இவை நேற்றுப் பிறந்த நிலங்கள்.

மறுப்பின் மறுபாதி நிற்கவில்லை. ஆறு வண்டலைக் கொண்டுவரும், அது தேங்குவதற்கான இடத்தை ஆறே முழுமையாக உண்டாக்கிவிடாது. பிளந்து மெலிந்த கண்ட ஓரம் குளிர்ந்து, மெல்ல அமிழ்ந்து, மேலே சேரும் வண்டலின் எடையால் மேலும் தாழ்ந்தது. படிவுகள் தங்கும் பள்ளம் அவ்வாறு உண்டானது. அமிழாத பல்லாவரப் பக்கத்திலும் மழை பெய்தது, ஓடைகள் ஓடின. அங்கே மீஞ்சூரைப் போன்ற நீர்தாங்கி மணல் உருவாகவில்லை. ஒரே பருவமழையும் ஒரே கடலும் அருகருகே இருவேறு நிலங்களை உருவாக்கியிருப்பதால், வேறுபாட்டின் வேர் நீருக்கு வெளியே இருக்கிறது என்று கொள்வதே முறை.

கொசஸ்தலையாற்றுப் படுகையின் அத்திரம்பாக்கம் இதற்கு மேலும் வலுவான சான்று. மாத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள அவ்விடத்தை 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அடையாளம் கண்டனர். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அங்குள்ள கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை கண்டது. 2018இல் வந்த ஆய்வு இடைப் பழங்கற்காலக் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டுகள் என்றது. அக்கருவிகள் குவார்ட்சைட்டால் ஆனவை. சுற்றுவட்டாரத் திரள்பாறைகளிலிருந்து உதிர்ந்த உருள்கற்களே அவற்றுக்கு மூலம். அவற்றைப் பாதுகாத்த வண்டலுக்கு அடியில் இருப்பது ஆவடித் தொகுதியின் களிப்பாறை. கண்டப் பிளவின்போது பள்ளத்தில் உருண்டு வந்து இறுகிய கல், பின்னர் உதிர்ந்து ஆற்றங்கரைக்கு வந்து, மனித மூதாதையின் கைக்கருவியாகியிருக்கிறது. தட்டு, ஆறு, மனிதர் என்ற மூன்று கால அளவுகளும் ஒரே குழியின் அடுக்குகளில் கிடக்கும்போது, ஒன்றை நீக்கி மற்றொன்றை மட்டும் காரணமாக்க இயலாது.

5. இரண்டாம் மறுப்பு: எல்லாவற்றுக்கும் தட்டே காரணமா?

எதிர்த்திசையில் செல்லும் மிகைக்கூற்றையும் இங்கே எடைபோட வேண்டும். 1996இல் கே.ஆர். சுப்ரமண்யா, மேற்குக்கரையின் முல்கியிலிருந்து பழவேற்காடு வரை, ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையை ஒட்டி, தீபகற்பம் மேல்நோக்கி வளைந்து வருகிறது என்றார். வடக்கே இமயத்தில் தடுக்கப்படும் இந்தியத் தட்டின் மீதான அழுத்தமே காரணம் என்பது அவர் கருத்து. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ்.எம். ராமசாமியும் செயற்கைக்கோள் படங்களின் துணைகொண்டு மங்களூர்–சென்னை, கொச்சி–ராமநாதபுரம் என்ற இரு வளைவுகளையும் இடையில் ஒரு தாழ்வையும் 2006இல் விவரித்தார். இக்கருதுகோள் சரியானால், வடசென்னையும் பழவேற்காடும் இன்றும் உயர்ந்துகொண்டிருக்கும் ஒரு முதுகின் கிழக்கு முனையில் இருக்கின்றன.

இதற்கு ஆதரவான வலுவான சான்று ஆறுகளின் திசை. வடபெண்ணை, பாலாறு, தென்பெண்ணை ஆகிய மூன்றும் கர்நாடகத்தின் நந்திமலை, கோலார் மேட்டுப் பகுதியில் பிறக்கின்றன. முதலாவது வடக்கே சென்று கிழக்கே திரும்புகிறது, மற்ற இரண்டும் தென்கிழக்கே இறங்குகின்றன. பாலாறே ஒருகாலத்தில் கொசஸ்தலையின் வழியில் வடகிழக்காக ஓடிக் கடலை அடைந்தது என்பது நிலவியலாளர் பலரும் ஏற்ற கருத்து. இன்று அது தெற்கே விலகி வயலூர் அருகே கடலில் கலக்கிறது. கொசஸ்தலை, ஆரணியாற்றுச் சமவெளியில் கிடக்கும் மணலின் அகலமும் தடிப்பும் இவ்விரு சிற்றாறுகளின் அளவுக்குப் பொருந்தாதவை, ஒரு பேராறு விட்டுச்சென்றவை என்று கொண்டால் பொருந்துபவை. நிலம் வடக்கே உயர்ந்ததால் பாலாறு தெற்கே சாய்ந்தது என்பது வளைவுக் கருதுகோளோடு இயல்பாக இணைகிறது.

ஆயினும் மாற்று விளக்கங்கள் இருக்கின்றன. கடினமான கிரானைட் பாறைகள் அரிமானத்தைத் தாங்கி நின்றாலும் நந்திமலை உயர்ந்தே இருக்கும். தன் படுகையைத் தானே வண்டலால் உயர்த்திக்கொள்ளும் ஆறு ஒரு பெருவெள்ளத்தில் தாழ்ந்த பக்கம் பாய்ந்துவிடும், அதற்கு நிலம் சாய வேண்டியதில்லை. பழவேற்காடு ஆழம் குறைவது நில உயர்வின் அடையாளம் என்ற வாதமும் தனித்து நிற்காது. ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நடு ஹோலோசீன் காலத்தில் கடல் சற்று உயர்ந்திருந்த தடயங்கள் ராமேசுவரத்துப் பவளப்பாறைகளிலும் இலங்கைக் கரையிலும் உள்ளன. 13 பாகைக்கு மிகவும் தெற்கேயும் அதே தடயம் கிடைப்பதால், பழவேற்காட்டுக்கென்று தனி உயர்வை அதிலிருந்து நிறுவ முடியாது. ஆகவே, வளைவுக் கருதுகோள் பல லட்சம் ஆண்டு அளவில் நீர்ப்பிரிப்பை விளக்கும் தகுதியுள்ளது. அண்மை ஆறாயிரம் ஆண்டுகளின் கழிகளையும் திட்டுகளையும் அதன் கணக்கில் எழுதுவது சான்றை மிஞ்சுவதாகும். ஆற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிலவெடிப்பைக் காண்பது, எங்குமே காண மறுப்பதைப் போலவே ஆராயாத முடிவு.

6. தொலைவிலிருந்து வரும் விசை

ஓய்ந்த ஓரம் இன்றைய தட்டு நகர்வை உணர்வதற்கு நேரடிச் சான்றுகள் உண்டு. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வேகத்தில் வடகிழக்கே நகர்கிறது. அதில் ஏறத்தாழ 2 செ.மீ. இமயத்தில் தாங்கப்படுகிறது. இதன் அழுத்தம் தீபகற்பம் முழுவதும் பரவுகிறது. புதிய வெடிப்பைத் திறப்பதைவிடப் பழைய வெடிப்பை நழுவச் செய்வது எளிது என்பதால், கண்டம் பிரிந்த காலத்து வெடிப்புகளே இந்த அழுத்தத்துக்கு இடங்கொடுக்கும் பலவீன வரிகள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவு நிலநடுக்கம் நேர்ந்து சென்னையிலும் உணரப்பட்டது. 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணய வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

புதுச்சேரி நடுக்கத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்தியத் தட்டின் மறுவிளிம்பு பேசியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா–அந்தமான் வரிசையில், தட்டு அமிழும் இடத்தில், ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு முறிவு ஏற்பட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த சென்னைக் கரையை ஆழிப்பேரலை மூன்று மணி நேரத்துக்குள் எட்டியது. காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான மீனவக் குடியிருப்புகளுக்குத் தட்டு எல்லை எங்கோ இருக்கும் விவரமாக அதன்பின் இருக்க முடியாது. கடல் திறந்திருக்கும் எந்தக் கரைக்கும் எதிர்க்கரையின் முறிவு அண்டை நிகழ்வுதான்.

இங்கே மண்ணின் தன்மை மீண்டும் நுழைகிறது. பாறையின் மீது நிற்கும் கட்டடத்தைவிட, தளர்ந்த வண்டலின் மீது நிற்கும் கட்டடம் அதே நடுக்கத்தில் பெரும்பாலும் அதிகம் ஆடும். நீர் நிறைந்த மணல் கடும் அதிர்வில் குழம்பாகித் தாங்கும் வலுவை இழக்கவும் கூடும். சென்னை ஐஐடியின் பூமிநாதன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நகரின் நடுக்க ஆபத்தை இடத்துக்கு இடம் மாறும் மண்ணின் இயல்போடு சேர்த்தே கணக்கிட்டது. பல்லாவரமும் மணலியும் ஒரே மண்டல நிறத்தில் வரையப்பட்டாலும் அவற்றின் அடிநிலம் ஒன்றன்று. பழைய பிளவு தந்த பள்ளமும் இன்றைய தட்டு தரும் அதிர்வும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

7. மூன்றாம் மறுப்பு: மனிதரின் வேகம்

இத்தனை கோடி ஆண்டுக் கணக்கு எதற்கு, வடசென்னைக் கரையை மாற்றியவர்கள் மனிதர்கள்தானே என்பது மூன்றாவது மறுப்பு. அதன் அடிப்படை மறுக்க முடியாதது. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம், ஆண்டுக் கணக்கில் நிகரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகள் கரைந்தன, வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. கல்கொட்டிய அரண்கள் அரிப்பை மேலும் வடக்கே தள்ளின. மீஞ்சூர்ப் பகுதியில் 1960களின் இறுதியிலிருந்து அளவுமீறி நிலத்தடிநீர் இறைத்ததால் உவர்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. எண்ணூர்க் கழியை அனல்மின் நிலையங்களின் சாம்பலும் தொழிற்சாலை நிரப்புகளும் சுருக்கின. சில தலைமுறைகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றங்களின் வேகத்தைத் தட்டு நகர்வு எட்டவே முடியாது.

ஆனால் வேகமான காரணம் மெதுவான காரணத்தை இல்லாமலாக்குவதில்லை. உவர்நீர் மீஞ்சூரில் எளிதாக ஏறியதற்குக் காரணம், பேராறு ஒன்று விட்டுச்சென்ற நீர்புகும் மணல் கடல்வரை தொடர்ந்து கிடப்பதுதான். நிலத்தடியில் பாறை இறுக்கமாக இருக்கும் இடத்தில் அதே இறைப்பு அதே விளைவைத் தந்திராது. துறைமுகச் சுவர் இவ்வளவு பெரிய அரிப்பை உண்டாக்கியதற்கும், கரை நேராகவும் திறந்தும் மணலாகவும் அமைந்தது ஒரு காரணம். பாறைமுனைகளும் விரிகுடாக்களும் நிறைந்த கரையில் மணல் துண்டு துண்டாகவே நகர்ந்திருக்கும். மனிதர் செய்தது பிழை. அப்பிழை எவ்வளவு தூரம் பரவும் என்பதை நிலத்தின் அமைப்பு முடிவு செய்தது. எனவே இந்த அறிவு மனிதப் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. நிலம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது ஆராய்ந்து அறியக்கூடியதாக இருந்தும் அதைப் பொருட்படுத்தாமல் கட்டியதே குற்றம்.

8. முடிவு

சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், வடசென்னை நிலத்துக்கு ஒரே காரணம் தேடுவது பயனற்றது என்பது தெளிவாகிறது. கரையின் இடம், திசை, படுகையின் ஆழம், வண்டலின் மூலப்பாறை ஆகியவை கண்டப் பிளவின் கொடை. அப்பள்ளத்தில் இன்று தெரியும் சமவெளியும் கழியும் திட்டும் ஆறுகளும் ஏறியிறங்கிய கடலும் செய்தவை. பாலாறு திசை மாறியதிலும் 13 பாகையை ஒட்டிய உயர்விலும் தட்டின் அழுத்தத்துக்குப் பங்கிருக்கலாம். அங்கே உறுதி குறைவு, அதற்கேற்ற தயக்கமும் வேண்டும். நிலநடுக்கம், ஆழிப்பேரலை ஆகியவற்றில் இன்றைய தட்டு நகர்வின் பங்கு ஐயத்துக்கு இடமற்றது.

இதிலிருந்து இரு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, வடசென்னையில் ஆலை, சேமிப்புக் கிடங்கு, குடியிருப்பு எதைத் திட்டமிட்டாலும் மண்டலப் பெயரோடு நிறுத்தாமல், அந்த இடத்தின் வண்டல் தடிப்பையும் நிலத்தடிநீர் மட்டத்தையும் அளந்து, முடிவை அங்கு வாழ்வோர் படிக்கும் வகையில் வெளியிட வேண்டும். எரியும் பொருள்களையும் நச்சுப் பொருள்களையும் தேக்கிவைத்திருக்கும் ஒரு பகுதியில் இது கூடுதல் வசதி அன்று, அடிப்படை உரிமை. இரண்டாவது, எண்ணூர்க் கழியையும் அதைச் சார்ந்த நீர்வழிகளையும் தரிசாகக் கருதி நிரப்புவதை நிறுத்த வேண்டும். தாழ்ந்து கிடக்கும் இந்த ஓரத்தில் வெள்ளமும் கடலும் பரவி அடங்க இருக்கும் இடம் அதுதான். இமயத்தின் அடிவாரத்தில் வாழ்வோர்க்குத் தட்டு நகர்வைப் பற்றிய அறிவு எவ்வளவு அவசியமோ, மாத்தூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் வாழ்வோர்க்கும் அவ்வளவு அவசியம். பள்ளிப் பாடத்திலும் நகரத் திட்டத்திலும் அதற்கு உரிய இடத்தை இப்போதே ஒதுக்க வேண்டும்.